காபி எடைக்கு ஒரு முத்திரை: பைத்தானில் எச்மேக் பயன்படுத்தும் முறை

ஏற்காட்டில் பறித்த காபிப் பழத்தைத் தோட்டத்திலேயே எடை போட்டு, ஆள் வாரியாகக் குறித்து, அந்தக் கணக்கைச் சேலத்தில் இருக்கும் ஆபீசுக்குப் போனில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூலி அந்த எடையை வைத்துத்தான். 20 கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் திரையில் பார்க்கும் 42500 கிராம், மேலே தராசு காட்டிய அதே 42500 தானா? வழியில் யாராவது அதை 45200 ஆக்கியிருந்தால் எப்படித் தெரியும்? இதற்குத்தான் சாவி போட்ட ஹேஷ். செய்தியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குட்டி அடையாளம்தான் ஹேஷ். அதில் ஒரு ரகசியச் சாவியையும் கலந்து எடுப்பதை இந்தக் குறிப்பில் முத்திரை என்கிறோம். பைத்தானில் இதைச் செய்ய வெளியிலிருந்து எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். எச்மேக், ஹேஷ்லிப், சீக்ரெட்ஸ் என்ற மூன்று மாட்யூலும் கூடவே வருகின்றன.

ஒரு வரியில் முடிகிற வேலைதான் இது. ஆனால் இரண்டு பக்கமும் போட்ட முத்திரை ஒத்துப்போகவில்லை என்று திணறும்போது, கிட்டத்தட்ட எப்போதுமே காரணம் கணக்கில் இருக்காது. மேலே ஊட்டிய பைட்டும் கீழே ஊட்டிய பைட்டும் வேறு வேறாக இருக்கும். தமிழில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வரும் பதிவுகளில் இது இன்னும் அதிகம். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் பைட்டைப் பற்றித்தான் இருக்கும்.

(ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கோடில் தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து.)

எதைப் பயன்படுத்துவது, எதை வேண்டாம் என்பது

எந்தச் செய்திக்கும் 32 பைட் விடை தரும் ஹேஷ் முறை ஷா-256. சாவியில்லாத வெறும் ஷா-256 போதாது. எடையை மாற்றியவர் புது எடைக்குப் புது ஹேஷையும் போட்டு ஒட்டிவிடுவார். அதற்கு எந்த ரகசியமும் தேவையில்லை. சாவியைச் செய்திக்கு முன்னால் ஒட்டி ஷா-256 போடுவது அடுத்து எல்லோருக்கும் தோன்றும் வழி. அதுவும் ஓட்டைதான். ஷா-256 கடைசியில் வெளியே தருவது அதன் உள்நிலை முழுவதையும். அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டு, சாவி தெரியாமலே, செய்தியின் வாலில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சரியான ஹேஷை உண்டாக்கிவிடலாம். சாவியின் நீளத்தை மட்டும் ஊகித்தால் போதும்.

எச்மேக் இந்த ஓட்டையை இரண்டு சுற்று போட்டு அடைக்கிறது. சாவியை ஒரு பிளாக் (ஹேஷ் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் துண்டு) அளவுக்கு நீட்டி, ஹெக்ஸ் (16 அடிமானம்) 36 என்ற பைட்டோடு எக்ஸார் செய்து (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறானால் 1, ஒன்றானால் 0 போட்டு), செய்தியை ஒட்டி முதல் ஹேஷ். அதே சாவியை ஹெக்ஸ் 5சி-யோடு எக்ஸார் செய்து, முதல் ஹேஷின் விடையை ஒட்டி இரண்டாவது ஹேஷ். பெல்லாரே, கனெட்டி, கிராவ்சிக் மூவரும் 1996-இல் வெளியிட்ட முறை இது. 1997-இல் ஆர்எஃப்சி 2104 என்ற இணைய நெறி ஆவணமாக வந்தது. இதை நீங்களே கையால் எழுத வேண்டாம், மாட்யூலை அழையுங்கள்.

பைத்தானோடு பிறந்த ‘ஹேஷ்’ ஃபங்ஷனை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அது டிக்‌ஷனரிக்காக இருப்பது. உள்ளே அதுவும் சாவி போட்ட ஹேஷ்தான், 3.4 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிங்குக்கு சிப்ஹேஷ் ஓடுகிறது. ஆனால் அந்தச் சாவி ஒவ்வொரு முறை புரோகிராம் தொடங்கும்போதும் மாறும். இன்று மாலை சேமித்த எண் நாளைக் காலை ஒத்துப்போகாது.

பிளேக்2 இன்னொரு நல்ல வழி. ஹேஷ்லிப்பிலேயே 3.6 முதல் இருக்கிறது, சாவியை நேரடியாக வாங்கிக்கொள்ளும். அதைப் பற்றிப் பின்னால். மறுமுனையில் எந்த மொழி ஓடும் என்று உறுதியில்லாதபோது எச்மேக்கும் ஷா-256-உம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மொழியிலும் கிடைக்கும்.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். முத்திரை எதையும் மறைப்பதில்லை, எடை வெட்ட வெளிச்சமாகத்தான் போகும். பாஸ்வேர்ட் சேமிக்கவும் இது ஆகாது. அதற்கு எஸ்-கிரிப்ட், ஆர்கான்2 போன்ற பாஸ்வேர்ட் ஹேஷ் முறைகள் வேறு.

சாவி

சீக்ரெட்ஸ் மாட்யூலில் ‘டோக்கன்_பைட்ஸ்’ ஃபங்ஷனுக்கு 32 கொடுங்கள். 32 பைட், அதாவது 256 பிட். ராண்டம் மாட்யூலில் எடுக்காதீர்கள், அதன் எண்கள் ஊகிக்கக்கூடியவை. தோட்டத்தின் பெயரும் வருஷமும் சேர்த்த சொல்லைச் சாவியாக வைப்பது அதைவிட மோசம்.

ஒவ்வொரு தராசுக்கும் தனிச் சாவி. ஒரு போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் ரத்து செய்தால் போதும். எல்லாத் தராசுக்கும் ஒரே சாவி என்றால் மலை முழுக்க ஏறி இறங்க வேண்டும்.

சாவியை எழுதி வைக்கும் இடத்தில்தான் சறுக்கல்கள்:

32 பைட்டை ஹெக்ஸில் எழுதினால் 64 எழுத்து. ஒரு பக்கம் அந்த 64 எழுத்தை ‘ஃப்ரம்ஹெக்ஸ்’ போட்டு 32 பைட்டாக்கிச் சாவியாக எடுக்கும். மறுபக்கம் 64 எழுத்தையே அப்படியே என்கோட் செய்து (எழுத்தைப் பைட்டாக்கி) சாவியாக எடுக்கும். இரண்டும் எந்த எர்ரரும் தராது, முத்திரை மட்டும் எந்நாளும் ஒட்டாது.

ஃபைலில் வைத்த சாவியின் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். டெர்மினலில் ‘எக்கோ’ கட்டளையால் எழுதினால் அது தானாகவே வரும். படித்ததும் ‘ஸ்ட்ரிப்’ போடுங்கள். இது ஹெக்ஸாக வைத்த சாவிக்கு மட்டும். கச்சா பைட்டாக வைத்திருந்தால் ஸ்ட்ரிப் செய்வது சாவியையே கடித்துவிடலாம்.

மூன்றாவதுதான் பயங்கரம். சாவியை என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து எடுக்கிறீர்கள், அது அங்கே இல்லை, ‘இல்லையென்றால் வெற்று ஸ்ட்ரிங்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். எச்மேக் வெற்றுச் சாவியையும் மறுபேச்சில்லாமல் ஏற்கும். இரண்டு பக்கமும் வெற்றாக இருந்தால் முத்திரை அழகாக ஒத்தும் போகும், ஊரில் யார் வேண்டுமானாலும் அதைப் போடலாம். ஆகவே சாவியைப் படித்த அடுத்த வரியிலேயே அதன் நீளம் சரியாக 32 தானா என்று பாருங்கள். இல்லையென்றால் புரோகிராமை அங்கேயே நிறுத்துங்கள்.

நீளம் பற்றி இன்னும் ஒன்று. ஷா-256-இன் பிளாக் 64 பைட். அதைவிட நீளமான சாவியை எச்மேக் முதலில் ஹேஷ் செய்து 32 பைட்டாகச் சுருக்கிவிடும். குட்டையான சாவிக்கு முடிவில் சுழி பைட்டுகளைச் சேர்க்கும். எனவே நீளச் சாவியால் கூடுதல் பலம் வருவதில்லை. சாவியின் வாலில் சுழி பைட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முத்திரைதான் வரும்.

முத்திரை போடுவது

அனுப்பும் பக்கம் இவ்வளவுதான்:

செய்தி = வரி.என்கோட்("யூடிஎஃப்-8")
முத்திரை = எச்மேக்.நியூ(சாவி, செய்தி, ஹேஷ்லிப்.ஷா256).ஹெக்ஸ்டைஜஸ்ட்()

மூன்றாவது ஆர்கியுமென்ட்டை விட்டுவிட முடியாது. பழைய பதிப்புகளில் விட்டால் தானாக எம்டி5 என்ற பழைய ஹேஷ் ஓடும், 3.8 முதல் டைப்எர்ரர் வரும். பழைய கோடைப் புது மெஷினுக்கு மாற்றும்போது இந்த எர்ரர் வந்தால், அவசரத்தில் ஷா-256 என்று நிரப்பிவிடாதீர்கள். மறுமுனை இன்னும் எம்டி5-ஐ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். இரு பக்கமும் ஒரே நாளில் மாற வேண்டும்.

என்கோட் செய்யாமல் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் டைப்எர்ரர்தான். அது நல்ல எர்ரர், உடனே தெரிந்துவிடும்.

‘நியூ’ தரும் ஆப்ஜெக்ட்டில் ‘அப்டேட்’ மூலம் துண்டு துண்டாகவும் ஊட்டலாம். எடைச் சீட்டின் போட்டோ போன்ற பெரிய ஃபைலை 65536 பைட் வீதம் படித்து ஊட்டுவது வசதி. ஆனால் ஒரே ஆப்ஜெக்ட்டை அடுத்த பதிவுக்கும் பயன்படுத்தினால், அது முந்தைய பதிவையும் சேர்த்தே கணக்கிடும். முதல் பதிவு சரி, இரண்டாவதிலிருந்து எல்லாம் தப்பு என்ற அறிகுறி தெரிந்தால் இதுதான் காரணம். பதிவுக்கு ஒரு ‘நியூ’. செய்தி முழுதும் கையில் இருந்தால் 3.7 முதல் இருக்கும் ‘எச்மேக்.டைஜஸ்ட்’ ஒரே அழைப்பில் முடித்துவிடும், வேகமும் அதிகம்.

செய்தியை எப்படிக் கட்டுவது

தராசு எண், வரிசை எண், நேரம், இடம், எடை. இவற்றைச் சும்மா அடுத்தடுத்து ஒட்டாதீர்கள். தராசு எண் 12, வரிசை எண் 345 என்பதும், தராசு எண் 123, வரிசை எண் 45 என்பதும் ஒட்டிய பிறகு 12345 தான். முத்திரையும் ஒன்றேதான். நடுவில் ஒரு பிரிப்புக் குறி போட்டு, அந்தக் குறி எந்தப் புலத்துக்குள்ளும் வரக்கூடாது என்று சோதித்துவிடுங்கள்.

1|தராசு07|318|1737370800|கொட்டச்சேடு|42500

முதலில் உள்ள 1 இந்த வடிவத்தின் பதிப்பு எண். நாளைக்கு ஒரு புலத்தைக் கூட்டினால் 2 ஆகும். நேரம் யூனிக்ஸ் நொடியில் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடி), இங்கே 2025 ஜனவரி 20 மாலை 4.30. தேதியை எழுத்தாக எழுதினால் ஒரு போன் நாளை முன்னால் போடும், இன்னொன்று மாதத்தை முன்னால் போடும். எடை முழு எண்ணாக, கிராமில். கிலோவில் 42.50 என்று அனுப்பினால் பைத்தான் அதை 42.5 ஆக்கும், 42.0 என்பதை ஜாவாஸ்கிரிப்ட் வெறும் 42 ஆக்கும். பைட் போச்சு, முத்திரையும் போச்சு. இந்த வரி மொத்தம் 74 பைட். இந்த எண்ணை மனதில் வையுங்கள், திரும்ப வருவோம்.

புலப் பெயரையும் மதிப்பையும் உரையாக எழுதும் ஜேசன் வடிவத்தில்தான் அனுப்ப வேண்டும் என்றால் இன்னும் கவனம். பைத்தானின் ‘டம்ப்ஸ்’ சாதாரணமாக ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் பின்சாய்கோட்டில் தொடங்கும் ஆறு ஆங்கில எழுத்தாக மாற்றி எழுதும். 33 பைட்டில் இருக்க வேண்டிய ‘கொட்டச்சேடு’ 66 பைட் ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி மாற்றாது. காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் பைத்தான் இடைவெளி விடும், அது விடாது. இதையெல்லாம் ‘என்ஷ்யூர்_ஆஸ்கி’, ‘செப்பரேட்டர்ஸ்’, ‘சார்ட்_கீஸ்’ என்று ஒவ்வொன்றாகச் சரிக்கட்டலாம். அதைவிட நல்லது, வந்த பைட்டைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து முத்திரையைச் சோதித்துவிட்டு, சரியென்றால் மட்டும் ஜேசனைப் பிரிப்பது. பிரித்துத் திரும்பக் கட்டிய ஜேசனுக்கு முத்திரை போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலான தலைவலிக்குத் தொடக்கம்.

எக்செலிலிருந்து வரும் சிஎஸ்வி ஃபைலுக்கும் இதே விதிதான். யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் வந்து உட்காரும். விண்டோஸ் வரி முடிவு 2 பைட். பைத்தானில் டெக்ஸ்ட் முறையில் திறந்தால் அது 1 பைட் ஆகிவிடும். முத்திரை போடவும் சோதிக்கவும் ஃபைலை எப்போதும் பைனரி முறையில் திறங்கள்.

ஒரே சொல், வேறு பைட்

இனி தமிழுக்கே உரிய சிக்கல். ‘கொட்டச்சேடு’ என்று திரையில் பார்க்கிறீர்கள். அதை எழுத்து எழுத்தாக எடுத்து, யூனிகோட் குறியீட்டு எண்ணைத் தரும் ‘ஆர்ட்’ ஃபங்ஷனில் போடுங்கள். ‘க’வுக்கு அடுத்து 3018 வந்தால், ஒகர உயிர்க்குறி ஒரே குறியீடாக இருக்கிறது. 3014, 3006 என்று இரண்டு வந்தால், யாரோ ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருக்கிறார்கள், அல்லது பழைய எழுத்துரு மாற்றியில் வந்த உரை. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். பைட்டில் முதலாவது 33, இரண்டாவது 36. மேலே சொன்ன 74 பைட் வரி 77 ஆகும். முத்திரை முழுக்க வேறு. ஓகாரத்திலும் இதே கதைதான்: தலைச்சோலை என்ற பெயரில் 3019 வரலாம், 3015-உம் 3006-உம் வரலாம்.

இதற்கு மருந்து யூனிகோட்டேட்டா மாட்யூலின் ‘நார்மலைஸ்’. அதில் என்எஃப்சி என்ற வடிவத்தைக் கேட்டால் பிரிந்தவை சேர்ந்துவிடும். அனுப்புகிற பக்கம், என்கோட் செய்வதற்கு முன், ஒரே ஒரு முறை செய்யுங்கள். பெறுகிற பக்கம் வந்த பைட்டையே சோதிப்பதால் அங்கே தேவைப்படாது. பைத்தான் வேரியபிள் பெயர்களை மட்டும் தானே சீராக்கிக்கொள்ளும். ‘கொள்முதல்’ என்று தமிழிலேயே வேரியபிள் வைத்து, எந்த விதமாகத் தட்டினாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கை அது தொடாது. அதனால் வேரியபிளில் சரியாக நடப்பதைப் பார்த்து ஸ்ட்ரிங்கையும் நம்பிவிடாதீர்கள்.

நார்மலைஸால் தீராதவையும் உண்டு. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 3000. ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2998. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். யூனிகோட் இரண்டையும் வேறு சொல்லாகத்தான் பார்க்கிறது. ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டியிருப்பார்கள். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்த பெயரில் 8204, 8205 என்ற அகலமில்லாத குறிகள் ஒளிந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் விதி எழுதிக்கொண்டிருப்பதைவிட, இடத்துக்கும் ஆளுக்கும் எண் கொடுத்துவிடுங்கள். முத்திரைக்குள் போவது எண்ணாக இருக்கட்டும், தமிழ்ப் பெயர் ரிப்போர்ட்டில் வரட்டும்.

சோதிப்பது

கீழே ஆபீஸில் அதே சாவியால் முத்திரையைத் திரும்பக் கணக்கிட்டு, வந்ததோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட இரட்டைச் சமக்குறி வேண்டாம். அது முதல் வித்தியாசத்திலேயே நின்றுவிடக்கூடியது. பதில் வரும் நேரத்தை நுணுக்கமாக அளந்து ஒவ்வொரு எழுத்தாக ஊகிக்க அது இடம் தரும். ‘எச்மேக்.கம்பேர்_டைஜஸ்ட்’ கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.

அதற்கு இரண்டு பக்கமும் பைட்ஸ், அல்லது இரண்டு பக்கமும் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறி மட்டும்) ஸ்ட்ரிங் கொடுக்க வேண்டும். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் யாராவது தமிழ் எழுத்தை அனுப்பினால் அது டைப்எர்ரர் கொடுத்து சர்வரை விழவைக்கும். ஹெக்ஸைப் பைட்ஸாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் நிராகரியுங்கள். பெரிய எழுத்து ஹெக்ஸா சின்ன எழுத்து ஹெக்ஸா என்ற சண்டையும் இதில் தீர்ந்துவிடும்.

எஸ்எம்எஸ்ஸில் இடம் போதாமல் முத்திரையைக் குறுக்க வேண்டுமென்றால் 32 பைட்டில் முதல் 16-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆர்எஃப்சி 2104 பாதிக்குக் குறையாமலும் 80 பிட்டுக்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது. எத்தனை பைட் என்பதைச் சர்வர் முடிவு செய்ய வேண்டும். வந்த முத்திரையின் நீளத்துக்குத் தக்கபடி ஒப்பிட்டால், ஒருவர் 1 பைட் முத்திரை அனுப்பி 256 முயற்சிக்குள் உள்ளே வந்துவிடுவார்.

இதே வேலைக்கு பிளேக்2 என்றால், ‘பிளேக்2பி’யில் சாவி 64 பைட் வரை, முத்திரையின் அளவை ‘டைஜஸ்ட்_சைஸ்’ மூலம் 1 முதல் 64 வரை நீங்களே சொல்லலாம். 16 என்று கேட்டு வாங்கியது, 64-இன் முதல் 16 அல்ல. அளவு உள்ளேயே கலக்கப்படுவதால் முற்றிலும் வேறு விடை வரும். ‘பெர்சன்’ என்ற ஆர்கியுமென்ட் ஒன்று உண்டு, 16 பைட் வரை. காபி எடைக்கு ஒரு சொல், மிளகு எடைக்கு ஒரு சொல் என்று கொடுத்தால், ஒரே சாவியாக இருந்தாலும் இதன் முத்திரை அதற்குச் செல்லாது. எச்மேக்கில் இல்லாத நல்ல வசதி. வெற்றுச் சாவி ஆபத்து இங்கும் உண்டு: சாவி வெற்றாக இருந்தால் அது சாவியே இல்லாத சாதா ஹேஷாக ஓடும்.

டவர் இல்லாத மலையில் பழைய பதிவும் புதுப் பதிவும்

சரியான முத்திரையோடு வந்த பதிவை அப்படியே இரண்டாவது முறை அனுப்பினால் முத்திரை அதைத் தடுக்காது. செய்திக்குள் நேரத்தை வைத்து 5 நிமிடத்துக்கு மேல் பழையதை நிராகரிப்பது வழக்கம். மலையில் அது உதவாது. மாலை 4.30-க்குப் போட்ட எடை, டவர் கிடைக்கும் இடத்துக்குப் போன் வந்த பிறகுதான் கிளம்பும். அன்று இரவு எல்லாம் மொத்தமாகக் கொட்டும். 5 நிமிட விதி போட்டால் நேர்மையான பதிவுகள்தான் முதலில் விழும்.

வரிசை எண் இருக்கும்போது நேரத்தை நம்ப வேண்டாம். தராசு எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்து டேட்டாபேஸில் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். அதன் பிறகு மூன்று நிலை வரும். 318 அதே உள்ளடக்கத்தோடு மீண்டும் வந்தால், ‘கிடைத்தது’ என்ற பதில் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். கணக்கில் ஏற்றாமல் ‘கிடைத்தது’ என்று திரும்பச் சொல்லுங்கள். 318 வேறு எடையோடு, சரியான முத்திரையோடு வந்தால் உடனே ஆள் பார்க்க வேண்டும். போனை ரீசெட் செய்து எண் திரும்ப ஆரம்பித்திருக்கலாம், அல்லது ஒரே சாவி இரண்டு போனில் இருக்கிறது. 318-க்கு அடுத்து 320 வந்து 319 வரவேயில்லை என்றால், அழிக்கப்பட்ட பதிவு ஒன்று இருக்கலாம். ஒருவருடைய ஒரு நாள் கூலி அந்த ஒரு வரியில் இருக்கும். முத்திரை மாற்றத்தைத்தான் காட்டும், காணாமல் போனதைக் காட்டாது. அதைக் காட்டுவது இந்த எண்தான்.

ஒட்டவில்லை என்றால் எங்கே தேடுவது

முதலில் உங்கள் எச்மேக் அழைப்பே சரியா என்று பாருங்கள். ஆர்எஃப்சி 4231-இல் மாதிரிச் சாவியும் செய்தியும் விடையும் இருக்கின்றன. முதல் மாதிரியில் சாவி 20 பைட், ஒவ்வொன்றும் ஹெக்ஸ் 0பி. செய்தி 8 பைட். ஷா-256 விடை பி0344சி61 என்று தொடங்கும். இரண்டு பக்கமும் இந்த விடை வந்தால் நூலகத்தில் குறையில்லை.

அடுத்து செய்தியின் பைட் நீளத்தை இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். 74-க்கு 77 என்றால் தமிழ்க் குறி பிரிந்திருக்கிறது. 74-க்கு 75 என்றால் வாலில் புதுவரி. 74-க்கு 107 என்றால், ஊர்ப் பெயர் மட்டும் 66 பைட்டாக ஜேசன் வடிவத்தில் விரிந்திருக்கிறது. நீளம் ஒன்றாக இருந்தும் ஒட்டவில்லையென்றால் ஹெக்ஸில் அச்சிட்டு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். அதுவும் ஒன்றேதான் என்றால் சந்தேகம் சாவி மேல் போகிறது. சாவியை அச்சிடாதீர்கள், போனிலும் படித்துச் சொல்லாதீர்கள். ‘12345’ என்ற ஒரே எண்ணுக்கு இரண்டு பக்கமும் முத்திரை போட்டு, முதல் 8 ஹெக்ஸ் எழுத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அது வேறானால் சாவி வேறு.

சாவி மாற்றும்போது செய்திக்குள்ளேயே சாவி எண் ஒன்றைச் சேர்த்து, சர்வர் பழையது, புதியது இரண்டையும் கொஞ்ச நாள் ஏற்கும்படி விடுங்கள். அனுப்பும் பக்கம் உடனே புதியதற்கு மாறட்டும். மலையில் அனுப்பாமல் நிலுவையில் நிற்கும் பதிவுகள் பழைய சாவியில் இருக்கும். அந்தத் தராசின் வரிசை எண்ணில் இடைவெளி இல்லாமல் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே பழைய சாவியைச் சர்வரிலிருந்து எடுங்கள். கூலிக் கணக்கு தீரும் வரை அதன் நகல் ஒன்றை நெட்டோடு சேராத இடத்தில் பூட்டி வையுங்கள். பழைய பதிவு மேல் யாராவது கேள்வி எழுப்பினால் திரும்பச் சோதிக்க அது வேண்டும்.